போர்க்காலத்தில் நம் பெண்கள்: பேரேட்டில் ஏறாத வரவு

நம் சமுதாயத்தின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் முதலில் கப்பல் வரும். அடுத்துக் கடை வரும். அதன் பின் பள்ளிவாசல் வரும். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கி, வட்டி வாங்காமல் வணிகம் செய்து, சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலையும் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவையும் எழுப்பிய முன்னோர்களைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். பேசவேண்டியதுதான். ஆனால் அந்த வரலாற்றில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நம் சங்கத்தின் பழைய ஆண்டறிக்கைகளைப் புரட்டினாலும் நாற்காலிகளில் அமர்ந்து படமெடுத்துக்கொண்டவர்கள் ஆண்கள்தாம்.

நாம் வணிகர்கள். வரவையும் செலவையும் எழுதிப் பழகியவர்கள். ஒரு வரவை எழுதாமல் விட்டால் கணக்கு நேராகாது என்பது நமக்குத் தெரியும். 1941 டிசம்பர் முதல் 1945 செப்டம்பர் வரை நடந்த போர்க்காலக் கணக்கில் நாம் எழுதாமல் விட்ட பெரிய வரவு நம் பெண்களின் உழைப்பு. பொன்விழா காணும் இவ்வேளையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது நம் கடமை என்று கருதுகிறோம்.

போர் வந்த நாள்கள்

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. அன்று விடியுமுன்பே சிங்கப்பூர்மீது முதல் குண்டுகள் விழுந்தன. ராஃபிள்ஸ் பிளேஸ் பகுதியிலும் சைனாடவுனிலும் 61 பேர் மாண்டார்கள். எழுபது நாள்களில் மலாயா முழுவதும் வீழ்ந்து, 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. ஊரின் பெயரே சியோனான் என்று மாறியது.

அக்காலத்தில் இங்கிருந்த தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, கடையிலேயே உண்டு உறங்கி, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊர் போய் வந்தவர்கள். இதற்கு விலக்காக இருந்தவர்கள் கடையநல்லூர், தென்காசிப் பகுதி மக்கள். குடும்பத்தோடு வந்து தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறியவர்கள் அவர்கள். இன்றும் மேக்ஸ்வெல் உணவங்காடி அருகில் கடையநல்லூர் ஸ்ட்ரீட் என்ற தெரு இருக்கிறது. அந்தக் குடும்பங்களின் பெண்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்தவர்கள் அல்லர். மசாலா அரைத்து விற்றுக் குடும்ப வருமானத்தில் பங்கெடுத்தவர்கள். அம்மிக்கல்லும் ஒரு தொழிற்கருவியாக இருந்த காலம் அது.

துறைமுகத்தை ஒட்டிய பகுதி என்பதால் தஞ்சோங் பகாருக்குக் குண்டு அபாயம் மிகுதி. 1942 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் விமானங்கள் நாள்தோறும் வந்தன. சங்கு ஊதியதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்கிடம் தேடி ஓடியவர்களும், சங்கு நின்றதும் திரும்பி வந்து அணைந்த அடுப்பை மூட்டியவர்களும் பெண்கள்தாம். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் அந்த ஓட்டம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுப்படியில் நடந்த போர்

சண்டை எழுபது நாளில் முடிந்தது. பசி மூன்றரை ஆண்டு நீடித்தது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் அரிசி வந்தால்தான் இந்த ஊரில் சோறு. கப்பல்கள் போர்த் தேவைக்குப் போய்விட்டதால் அரிசி வரத்துக் குறைந்தது. பங்கீட்டு அட்டை வந்தது. ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு, பிள்ளைக்கு அதைவிடவும் குறைவு என்று அரிசி அளந்தார்கள். அந்த அளவும் காலம் போகப்போகச் சுருங்கியது.

விலைவாசியை ஒரு கணக்கில் சொல்லிவிடலாம். போர் தொடங்கியபோது ஒரு பிக்கல், அதாவது ஏறத்தாழ 60 கிலோ அரிசி, 5 வெள்ளிக்குக் கிடைத்தது. 1945 நடுப்பகுதியில் கள்ளச் சந்தையில் அதே அளவு அரிசி 5,000 வெள்ளி. ஜப்பானியர் அச்சடித்த நோட்டில் வாழைமரப் படம் இருந்ததால் மக்கள் அதை வாழைமர நோட்டு என்றார்கள். வரிசை எண்கூட இல்லாமல் அச்சடிக்கப்பட்ட அந்த நோட்டைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோனால் கைப்பிடி அளவு பொருள் வாங்கலாம் என்ற நிலை வந்தது.

இந்தக் கணக்கை ஆண்கள் கடையில் பார்த்தார்கள். அதைப் பானையில் பார்த்தவர்கள் பெண்கள். மரவள்ளிக்கிழங்கு சோறானது, மாவானது, அடையானது. சர்க்கரைவள்ளிக்கிழங்கின் இலைகூடக் கீரையானது. துணி கிடைக்காதபோது கோணிச்சாக்கு உடையானது. வீட்டுப் பின்புறத்தில் கையளவு மண் இருந்தாலும் அதில் கிழங்கு நட்டார்கள். ஒவ்வொரு பிப்ரவரி 15ஆம் நாளும் முழுமைத் தற்காப்பு தினத்தையொட்டிப் பள்ளிகளில் நம் பிள்ளைகளுக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்து அக்காலத்தை நினைவூட்டுகிறார்கள். பிள்ளைகள் சீனி தொட்டுச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். சீனி இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அதையே உண்டவர்கள் அவர்களின் பாட்டிமார்.

பசியோடு அச்சமும் இருந்தது. படைவீரர்களின் கண்ணில் படாமலிருக்க வயதுப் பெண்களுக்கு முடியை வெட்டி ஆண்பிள்ளைபோல உடுத்திவிட்ட குடும்பங்கள் உண்டு. அவசர அவசரமாக மணம் முடித்துவைத்த குடும்பங்கள் உண்டு. பல இனத்துப் பெண்கள் வலுக்கட்டாயமாக ஜப்பானியப் படையினரின் முகாம்களில் அடைக்கப்பட்ட கொடுமையும் இம்மண்ணில் நடந்தது. அவர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தையும் போரின் விலையில் சேர்த்துத்தான் எண்ணவேண்டும்.

கப்பல் நின்றுபோன கரையில்

இங்கே இருந்த பெண்களைப் போல, இங்கே வராத பெண்களும் இந்தப் போரைச் சுமந்தார்கள். நாகூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை என்று நம் ஊர்களிலெல்லாம் சபராளி வீடுகள் இருந்தன. கணவன் மலாயாவில், மனைவி ஊரில். மாதம் ஒரு கடிதம், சில மாதங்களுக்கு ஒரு முறை பணம். 1942 பிப்ரவரியோடு இரண்டும் நின்றன. சிங்கப்பூர் எதிரியின் கையில் இருந்ததால் தபால் இல்லை, பணவிடை இல்லை, ரஜூலா போன்ற பயணக் கப்பல்களும் இந்தப் பக்கம் வரவில்லை. அதே ஆண்டு பர்மாவும் வீழ்ந்ததால் தமிழகத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசியும் நின்றது. வருமானம் நின்ற அதே நேரத்தில் விலை ஏறியது.

இந்த நிலையில் அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? கழுத்திலும் காதிலும் கிடந்ததைக் கழற்றினார்கள். விற்றார்கள், அடகு வைத்தார்கள். பாய் முடைந்தார்கள், ஓலை முடைந்தார்கள், தைத்தார்கள். பிள்ளைகளை ஓத வைத்தார்கள். மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொண்டார்கள். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் வீட்டைப் பெண்ணுக்குக் கொடுத்து மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து தங்குவது வழக்கம். அந்த வழக்கம் போர்க்காலத்தில் பல பெண்களுக்குத் தலைக்கு மேல் கூரையாக நின்றது. வாடகை கேட்க யாரும் வரவில்லை.

பசியை விடப் பெரிய கேள்வி ஒன்று அவர்களுக்கு இருந்தது. கணவன் இருக்கிறானா, இல்லையா? தான் மனைவியா, விதவையா? இறந்த செய்தி வந்தாலாவது இத்தா இருக்கலாம். செய்தியே வராதபோது எதைக் கொண்டு நாளை எண்ணுவது? இந்தக் கேள்விக்கு அன்றைய சட்டத்தில் ஒரு விடை இருந்தது. 1939இல் இந்தியாவில் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. கணவன் இருக்குமிடம் நான்கு ஆண்டுகளாகத் தெரியாவிட்டாலோ, இரண்டு ஆண்டுகளாக அவன் செலவுக்குக் கொடுக்கத் தவறினாலோ, மனைவி நீதிமன்றம் சென்று மணமுறிவு கோரலாம் என்று அது இடமளித்தது. சிங்கப்பூர் எதிரியின் கையில் இருந்த காலம் மூன்று ஆண்டு ஏழு மாதம். நான்கு ஆண்டுக்கு ஐந்து மாதமே குறைவு. இரண்டு ஆண்டுக் கெடுவோ 1944லேயே முடிந்துவிட்டது. அப்படியிருந்தும் நம் பெரியவர்கள் சொல்லி நாம் கேட்டிருப்பவை பெரும்பாலும் காத்திருந்தவர்களின் கதைகள்தாம். போர் முடிந்து கடிதம் வந்தபோது சில வீடுகளில் பாயசம் காய்ச்சினார்கள். சில வீடுகளில் அந்தக் கடிதத்தை எழுதியிருந்தவர் கணவர் அல்லர், கணவரோடு தங்கியிருந்த ஊர்க்காரர்.

அக்காலத் தமிழ் முஸ்லிம் தாய் ஒருவரைப் பற்றி உலகம் அறிந்த பதிவு ஒன்று நம்மிடம் இருக்கிறது. இராமேஸ்வரத்தில் வாழ்ந்த ஆஷியம்மா. அவருடைய மகன்தான் பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவரான டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். போர்க்காலத்தில் உணவு பங்கீட்டு முறையில் கிடைத்தபோது தம் பங்கையும் மகனுக்கே பரிமாறிவிட்டு அந்தத் தாய் பசித்திருந்ததைக் கலாம் தம் நூலில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். மகன் பெரியவரானதால் அந்தத் தாயின் பசி வரலாற்றில் பதிவானது. அதே பசியோடு இருந்த மற்றத் தாய்மார்களின் பெயர் எங்கும் இல்லை.

துப்பாக்கி ஏந்தியவர்கள்

காத்திருந்தவர்களைப் போலவே களத்துக்குப் போனவர்களும் உண்டு. 1943 ஜூலை 2ஆம் நாள் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். பாடாங் திடலில் பெருங்கூட்டங்கள் நடந்தன. பெண்களுக்கென ஒரு படைப்பிரிவு வேண்டும் என்று அவர் அறிவித்தபோது நம்பியவர்கள் குறைவு. அந்தப் பொறுப்பை ஏற்றவர் சென்னையிலிருந்து 1940இல் இங்கு வந்து மருத்துவத் தொழில் செய்துகொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். ஜூலை 12ஆம் நாள் இருபது பெண்கள் சேலையுடுத்தித் துப்பாக்கி ஏந்தி போஸுக்கு அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். ஜான்சி ராணி படை பிறந்தது. அக்டோபர் 22ஆம் நாள் வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 170 பேர். படையின் மொத்த எண்ணிக்கை ஆயிரம் என்பாரும் உண்டு. ஐந்நூறுக்கும் குறைவு என்பாரும் உண்டு.

எண்ணிக்கை எதுவானாலும் சேர்ந்தவர்கள் யார் என்பதே முக்கியம். அவர்களில் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் காணாதவர்கள். பால்மரம் வெட்டிய கையால் துப்பாக்கி பிடித்தார்கள். இந்துஸ்தானியில் கட்டளை கற்றார்கள், வரைபடம் படித்தார்கள், மைல் கணக்கில் நடந்தார்கள். செவிலியர் பயிற்சி பெற்ற பிரிவுக்குச் சாந்த் பீபி என்று பெயர் சூட்டினார்கள். 1595இல் முகலாயப் படையை எதிர்த்து அகமதுநகர்க் கோட்டையைக் காத்து நின்ற முஸ்லிம் அரசி அவர். உஹதுக் களத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்களைக் காத்து நின்ற நுஸைபா (ரலி) அவர்களையும், காயமுற்றோருக்குக் கூடாரமடித்து மருந்திட்ட ருஃபைதா (ரலி) அவர்களையும் அறிந்த நமக்கு, பெண் போர்க்களத்தில் நிற்பது புதிய செய்தி அன்று.

நிதி திரட்டும் கூட்டங்களில் பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். கோலாலம்பூரில் பதினெட்டு வயதுப் பெண் ஒருவர் போஸின் உரையைக் கேட்டுத் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு படையிலும் சேர்ந்தார். அவர்தான் ஜானகி தேவர். ஊரில் நம் பெண்கள் அரிசிக்காக நகையைக் கழற்றிய அதே ஆண்டில் இங்கே பெண்கள் விடுதலைக்காக நகையைக் கழற்றினார்கள். தமிழ்ப் பெண்ணின் கையிருப்பு நகைதான். இரண்டு கரையிலும் அதைத்தான் அவர்கள் போருக்குக் கொடுத்தார்கள்.

ராணிப் படை பர்மாவுக்குச் சென்றது. இம்பால் வீழ்ந்தால் இந்திய மண்ணில் கால் வைப்போம் என்று மேமியோவில் காத்திருந்தது. இம்பால் வீழவில்லை. ராணிகள் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவமனையில் பணிவிடை செய்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, ரயிலில் சென்ற ஓர் அணியின்மீது நடந்த தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசஃபின் என்ற இருவர் உயிரிழந்தனர். ஏப்ரல் 24ஆம் நாள் புறப்பட்ட மற்றோர் அணி, பகலில் விமானத்துக்கு அஞ்சி மறைந்தும் இரவில் சேற்றிலும் ஆற்றிலும் நடந்தும் மோல்மீன் சேர்ந்து, பாங்காக் அடைந்தது.

தோட்டத்தில் தனித்தவர்கள்

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் எழுதவேண்டும். ராணிப் படைக்கு ஆதரவாக நின்ற அதே ஜப்பானிய ஆட்சிதான் தோட்டத்துத் தமிழர்களைச் சயாமுக்கு அனுப்பியது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை. 1943 அக்டோபரில் அது முடிந்தபோது 12,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் மாண்டிருந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக மாண்டவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி அழைத்தார்கள். பிறகு ஆள் கிடைக்காதபோது லாரியில் பிடித்துப் போட்டுக்கொண்டு போனார்கள்.

கணவன்மார் போன பின் தோட்டத்தில் எஞ்சியவர்கள் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும். ரப்பர் வாங்க ஆளில்லாததால் தோட்டத்தில் கூலி இல்லை. காட்டைத் திருத்திக் கிழங்கு நட்டார்கள். மலேரியாவிலும் புண்ணிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். திரும்பி வராதவனுக்கு எந்த நாளில் காரியம் செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். மதம் வேறானாலும் கேள்வி ஒன்றுதான். நாகூரில் நம் பெண்கள் கேட்ட அதே கேள்வியைத் தோட்டத்து லயங்களில் இந்துத் தாய்மார்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே, ஒரு தோட்டத்தின் மகள் ஜப்பானியரோடு சேர்ந்த படையில் துப்பாக்கி பிடித்திருக்க, அதே தோட்டத்தின் தகப்பன் ஜப்பானியரின் ரயில்பாதையில் கல் சுமந்திருக்கக் கூடும். போரை நல்லவர் கெட்டவர் என்று ஒரே கோட்டால் பிரித்துவிட முடியாது. நம் பெண்கள் கோட்டின் இரு புறமும் இருந்தார்கள். சுமந்தது எல்லோரும்.

மருந்தும் செய்தியும்

ஜப்பானியரை எதிர்த்து நின்ற பெண்களும் இம்மண்ணில் இருந்தார்கள். ஈப்போவில் தமிழ் மருத்துவர் கதிகாசுவின் மனைவி சிபில் கதிகாசு. பயிற்சி பெற்ற செவிலியர். போர் வந்ததும் குடும்பம் பாப்பான் என்ற சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே வைத்திய நிலையம் நடத்தியபடி, காட்டில் மறைந்திருந்த எதிர்ப்புப் படையினருக்கு இரகசியமாகச் சிகிச்சை அளித்தார். தடைசெய்யப்பட்ட வானொலியில் பிபிசி செய்தி கேட்டு மக்களுக்குச் சொன்னார். 1943இல் கைதானார். ஜப்பானிய இராணுவக் காவல்துறையான கெம்பித்தாய் அவரைக் கொடுமையாக வதைத்தது. அவர் கண்முன்னே அவருடைய இளைய மகளை நெருப்பின்மேல் தொங்கவிட்டு மிரட்டினார்கள். அப்போதும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போர் முடிந்தபின் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் அளிக்கப்பட்டது. வதையின் பாதிப்பிலிருந்து மீளாமலே 1948 ஜூனில் இறந்தார். ஈப்போவில் இன்று அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

சிங்கப்பூரில் எலிசபெத் சோய். கணவரோடு மருத்துவமனைச் சிற்றுண்டிக்கடை நடத்தினார். சாங்கியில் அடைபட்டிருந்தவர்களுக்கு மருந்தும் பணமும் செய்தியும் சேர உதவினார். 1943 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய கைது வேட்டையில் அவரும் சிக்கி, ஆறு மாதத்துக்கும் மேலாகச் சிறைப்பட்டு வதைபட்டார். பின்னர் 1951இல் சட்டமன்ற உறுப்பினரானார். சிற்றுண்டிக்கடைக் கல்லாவில் நின்றுகொண்டே ஒருவர் எவ்வளவு பெரிய காரியம் செய்யலாம் என்பதை, கடை வைத்திருக்கும் நாம் மறக்கக் கூடாது.

போருக்குப் பின்

1945 செப்டம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் ஜப்பானியர் முறைப்படி சரணடைந்தார்கள். வாழைமர நோட்டு வெறுங்காகிதமானது. மூன்றரை ஆண்டு வியாபாரத்தில் சேர்த்தது ஒரே நாளில் போயிற்று. கடையில் சரக்கு இல்லை, கையில் பணம் இல்லை. ஆனால் ஊரில் வீடு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், பெற்றோர் பசியில் சாகவில்லை. நகைபோன கழுத்தோடு மனைவி இருந்தார். மறுபடி வணிகத்தைத் தொடங்க நம் முன்னோர்களுக்கு இருந்த உண்மையான முதல் அதுதான். மறு ஆண்டே, 1946இல், தஞ்சோங் பகார் வட்டாரத்தில் கடையநல்லூர் மக்கள் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். கிழங்கு தின்று போரைக் கடந்த தாய்மார்கள் தம் பிள்ளைகளை அப்பள்ளிக்கு அனுப்பினார்கள்.

ஜானகி தேவர் 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒருவரானார். 2000ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. பதினாறு வயதில் அக்காவோடு ராணிப் படையில் சேர்ந்த ஈப்போ ராசம்மா, பின்னாளில் ராசம்மா பூபாலனாக மலேசியாவில் ஆசிரியைகளுக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார். கேப்டன் லட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தபடி வாழ்ந்து 2012இல் மறைந்தார். 2002இல் இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் அவரும் ஒரு வேட்பாளர். அவரை வென்றவர் அப்துல் கலாம். போரில் படை நடத்திய பெண் ஒரு புறம். போரில் பட்டினி கிடந்த பெண்ணின் மகன் மறு புறம். தமிழ்ப் பெண்களின் போர்க்கால வாழ்வு முழுவதையும் அந்த ஒரு தேர்தலில் பார்த்துவிடலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது, சாலை கிடைத்தது, பாடநூலில் இடம் கிடைத்தது. தகுதியானவர்களுக்கே கிடைத்தது. கிடைக்காதவர்களைப் பற்றித்தான் நம் கவலை. அம்மியில் மசாலா அரைத்தவருக்கும், அடகுக் கடை வாசலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றவருக்கும், தபால்காரன் வரும் நேரத்தில் திண்ணைக்கு வந்து வந்து பார்த்தவருக்கும் பதிவேதும் இல்லை.

நாம் செய்யவேண்டியது

போர் முடிந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவர்கள் நம் தலைமுறை. போரை நேரில் கண்டவர்களில் மிகச் சிலரே இன்று நம்மோடு இருக்கிறார்கள். அன்று பத்து வயதுச் சிறுமியாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு வயதுக்கு மேல். இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்கலாம் என்றால் சொல்ல ஆள் இருக்காது.

எனவே நம் சங்கம் ஐம்பதாம் ஆண்டில் ஒரு பணியை எடுத்துக்கொள்ளவேண்டும் என்று பணிவோடு வேண்டுகிறோம். ஒவ்வொரு உறுப்பினர் வீட்டிலும் உள்ள மூத்த பெண்மணியிடம் போர்க்காலத்தில் தாம் கண்டதையும் தம் தாயார் சொல்லக் கேட்டதையும் சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்வோம். கேட்பவர்கள் பெண்களாக இருக்கட்டும். ஆண்களிடம் சொல்லாத பலவற்றைப் பெண்களிடம் சொல்வார்கள். கடையநல்லூர்ப் பேச்சானாலும் கீழக்கரைப் பேச்சானாலும் திருத்தாமல் அப்படியே பதிவாகட்டும். பழைய கடிதம், பணவிடைச் சீட்டு, அடகுச் சீட்டு, பங்கீட்டு அட்டை, வாழைமர நோட்டு எது இருந்தாலும் படமெடுத்து, யாருடையது, எந்த ஊர் என்று எழுதிவைப்போம். முக்கியமாகப் பெயரை எழுதுவோம். இன்னார் மனைவி, இன்னார் தாயார் என்று எழுதாமல் அந்தப் பெண்ணின் சொந்தப் பெயரை எழுதுவோம்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு பிற்பகலும் பொறுமையும் போதும். முதலில் நம் வீட்டில் தொடங்குவோம். உம்மாவின் உம்மா பெயர் என்ன, போர் நடந்தபோது அவர் எந்த ஊரில் இருந்தார், வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று இந்த வாரமே கேட்போம். நம்மில் பலருக்கு அந்த முதல் கேள்விக்கே விடை தெரியாது. தெரிந்துகொண்டு எழுதினால், சங்கம் நூற்றாண்டு மலர் வெளியிடும்போது நம் பிள்ளைகள் எழுதப்போகும் வரலாற்றில் கப்பலுக்கும் கடைக்கும் பள்ளிவாசலுக்கும் பக்கத்தில் அவர்கள் பெயரும் இருக்கும். இன்ஷா அல்லாஹ்.